காற்பந்தும் நிலமும்

காற்பந்து பதினொருவரை எதிர்த்துப் பதினொருவர் ஆடும் ஆட்டம் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த இலக்கணம். அந்த இருபத்திருவர் நிற்கும் புல்தரை யாருக்கு உரியது, அதனைச் சூழ்ந்து எழுந்த படிக்கட்டுகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, குழுவின் பெயர் எவர் கையில் உள்ளது என்னும் வினாக்கள் ஆட்ட விதிநூலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு குழு வாழ்வதும் மாய்வதும் பெரும்பாலும் இவ்வினாக்களின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் விளையாட்டரங்குகளுக்கு நேர்ந்தவற்றை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை புலப்படும்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு அமெரிக்க நாடே முதற்களம். அங்குக் காற்பந்து என வழங்குவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். எனினும் அதன் பொருளியல் இங்கு எண்ணத்தக்கது. அந்நாட்டுப் பெருங்குழுக்களுள் ஏறத்தாழ எல்லாமே தனியார் உடைமை. லீக் அமைப்பு குழுக்களின் எண்ணிக்கையை வரையறுத்து, தன்னிடம் உரிமம் பெற்றவர் மட்டுமே குழு நடத்த இசைவளிக்கிறது. கீழ்ப்பிரிவில் வென்ற குழு மேற்பிரிவுக்கு ஏறும் வழக்கம் அங்கில்லை. குழுவை விரும்பும் நகரங்கள் பல. கிடைக்கும் குழுக்கள் சில. உரிமையாளரின் வலிமை இந்தப் பற்றாக்குறையிலேதான் இருக்கிறது. புதிய அரங்கைப் பொதுப்பணத்தில் கட்டித்தர ஒரு நகரம் தயங்குமாயின், கட்டித்தரக் காத்திருக்கும் மற்றொரு நகரின் பெயரை அவர் மெல்ல உச்சரித்தாலே போதும்.

1984 மார்ச்சு 28ஆம் நாள் இரவு பால்டிமோர் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. கோல்ட்ஸ் என்னும் குழுவை, நிலத்தைக் கையகப்படுத்துவது போலவே சட்டத்தின்வழி நகரமே கையகப்படுத்திக்கொள்வதற்கு மேரிலாந்து சட்டமன்றம் முற்பட்டிருந்தது. சட்டம் கைக்கு வருமுன் உரிமையாளர் சரக்கு லாரிகளை வரவழைத்து, குழுவின் உடைமைகள் அனைத்தையும் ஏற்றி, இரவோடிரவாக இண்டியானாபொலிஸ் நகருக்கு அனுப்பிவிட்டார். இதனால் பால்டிமோர் கற்ற பாடமோ விந்தையானது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே நகரம், புதிய அரங்கு கட்டித் தருவதாக வாக்களித்துக் கிளீவ்லாந்து நகரின் குழுவைத் தன்பால் இழுத்துக்கொண்டது. கிளீவ்லாந்தார் வாளா இருந்தாரில்லை. வழக்காடிக் குழுவின் பெயரும் வண்ணங்களும் வரலாற்றுப் பதிவுகளும் தம் நகரிலேயே தங்கவேண்டும் என்னும் உடன்பாட்டைப் பெற்றனர். ஆட்டக்காரர் போயினர், பெயர் போகவில்லை. 1999இல் அதே பெயரோடு புதிய குழு அங்குக் களமிறங்கிற்று.

அரங்கு வந்தால் வணிகம் பெருகும், வேலைவாய்ப்புப் பெருகும் என்பது இவ்வொப்பந்தங்கள் அனைத்திலும் பாடப்படும் பல்லவி. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் என்னும் பொருளியலார் இருவர் 1997இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுநூல், அரங்குக்குச் செலவிட்ட பொதுப்பணம் அவ்வூருக்குத் தக்க வருவாயாகத் திரும்புவதில்லை எனக் காட்டியது. ஆட்டம் காண மக்கள் செலவிடும் பணம், ஆட்டம் இல்லாதிருந்தால் அதே ஊரில் வேறொரு பொழுதுபோக்குக்குச் செலவாகியிருக்கும் பணமே என்பது அத்துறை ஆய்வாளர் தரும் விளக்கங்களுள் முதன்மையானது.

மலேசியாவில் அமெரிக்க முறை மிரட்டலுக்கு இடமில்லை. இந்நாட்டுக் காற்பந்து மாநிலங்களை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. 1921இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கிப் பின்னர் மலேசியக் கிண்ணமெனப் பெயர்பெற்ற போட்டி, மாநிலப் பற்றையே மூலதனமாகக் கொண்டது. அக்கிண்ணத்தை 33 முறை வென்ற சிலாங்கூர், நாளை ஜொகூருக்குக் குடிபெயர்ந்துவிடும் என எவரும் அஞ்சுவதில்லை. ஆயினும் இடப்பெயர்வு இங்கும் நிகழ்ந்தே வந்திருக்கிறது. குழு இருந்த இடத்தில் இருக்க, அதன் காலடியிலுள்ள நிலம் கைமாறுவது இங்குள்ள முறை. அமெரிக்க நகரம் கடன்பத்திரம் வெளியிட்டு அரங்கு கட்டுகிறது. இங்கே நிலத்தைக் கொடுத்து அரங்கு பெறப்படுகிறது. கருவூலத்திலிருந்து காசு எதுவும் வெளியேறாதது போலத் தோன்றுவதால் இம்முறை கேள்விக்கு உள்ளாவதும் அரிது.

மெர்டேக்கா விளையாட்டரங்கின் வரலாறு இதற்கு முதற்பாடம். பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்த அவ்வரங்கு 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் திறக்கப்பட்டது. மறுநாள் காலை துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தது அங்கேதான். அதே ஆண்டில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் ஆடியதும், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர்பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம் பந்தைப் பறந்து பிடித்ததும் அக்களத்தில்தான். 1980 ஏப்ரலில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற ஆட்டமும் அங்கு நடந்ததே. அரசியல் காரணத்தால் அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது வேறு கதை.

இத்துணைச் சிறப்புடைய அரங்கு 1990களில் ஒரு பேரத்தின் விலையாயிற்று. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்குப் புக்கிட் ஜாலிலில் புதிய தேசிய விளையாட்டு வளாகம் வேண்டியிருந்தது. அதனைக் கட்டித் தரும் யுனைடெட் இன்ஜினியர்ஸ் மலேசியா நிறுவனத்துக்கு ஈடாக, மெர்டேக்கா அரங்கும் அதன் அண்டையிலுள்ள நெகாரா அரங்கும் நின்ற நகர்மைய நிலம் பேசப்பட்டது. பழைய அரங்கு இருந்த இடத்தில் வணிக வளாகம் எழவேண்டும் என்பது திட்டம். புக்கிட் ஜாலில் வளாகம் உரிய காலத்தில் எழுந்தது. ஆனால் 1997இல் ஆசிய நாணய நெருக்கடி வந்து நிறுவனங்களின் கையைக் கட்டிப்போட்டது, இடிப்பு நின்றது. பின்னர் அரங்கு பி.என்.பி. எனப்படும் தேசிய முதலீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. 2003இல் தேசிய மரபுக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2007இல், பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட மேல்தட்டுகள் நீக்கப்பட்டு 1957ஆம் ஆண்டின் தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது. அதனைக் காத்தது மரபுணர்ச்சி என்பதினும் பணமுடை என்பதே வரலாற்றுக்கு நெருங்கிய கூற்றாகும். மரபுணர்ச்சி பின்னால் வந்து சேர்ந்தது. இன்று அதன் அருகே 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது.

விலையாகக் கொடுக்கப்பட்ட நிலத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. அரங்கு எழுந்த நிலத்தைப் பற்றி எழுதியவர் சிலரே. புக்கிட் ஜாலில் என்பது முன்னர் ஒரு தோட்டம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் உழைத்த அத்தோட்டத்தை 1980இல் அரசாங்கம் கையகப்படுத்தியது. பின்னாளில் அவ்வட்டாரத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரத்தக்க தேசிய அரங்கும் பிற மைதானங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. தோட்ட வீடுகளில் எஞ்சியிருந்த நாற்பதுக்குச் சற்று மிகுந்த குடும்பங்கள், தாங்கள் வாழ்ந்த மண்ணிலேயே வீடு கட்டிக்கொள்ள நான்கு ஏக்கர் கேட்டன. அடுக்குமாடி வீட்டுக்குச் செல்லுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2011இல் வெளியேற்ற அறிவிப்பு வந்தபோது அவர்கள் நடத்திய போராட்டம் நாடறிந்தது.

அதன்பின் நான்கே ஆண்டுகளில், 2015இல், அதே தேசிய விளையாட்டு வளாகத்தைப் புதுப்பிக்க ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. 2017 தென்கிழக்காசிய விளையாட்டுக்காக ஏறத்தாழ 160 கோடி வெள்ளி மதிப்பில் அப்பணியை எம்.ஆர்.சி.பி. நிறுவனம் மேற்கொள்ளும், ஈடாக அவ்வட்டாரத்தில் சுமார் 92 ஏக்கர் நிலம் அதற்கு அளிக்கப்படும் என்று அவ்வொப்பந்தம் கூறிற்று. தொழிலாளர் கேட்ட நான்கு ஏக்கரும் இந்தத் தொண்ணூற்றிரண்டு ஏக்கரும் ஒரே நிலத்துண்டு அல்ல. ஒன்றைப் பறித்து மற்றொன்றுக்குக் கொடுத்ததாகக் கூறுவது பிழையாகும். ஆயினும் ஒரே தோட்டத்தின் பெயரால் வழங்கும் வட்டாரத்தில், நிலத்தைக் கேட்கும் முறையறிந்தவர்க்கு அது கிடைப்பதும், அதில் பாடுபட்டவர்க்கு அது கிடைக்காமற் போவதும் ஒருங்கே நிகழ்ந்தன. இவ்வேறுபாட்டை ஆராயாத எந்த விளையாட்டுப் பொருளியலும் குறையுடையதே.

இம்முறை பிரிக்பீல்ட்ஸ் வாழ் தமிழர்க்குப் புதிதன்று. அங்கு இரயில்வேக்கு உரிய 72 ஏக்கர் சரக்கு முற்றம், கே.எல். சென்ட்ரல் நிலையமும் அதனைச் சூழ்ந்த கோபுரங்களுமாக மாறியதும் இவ்வழியில்தான். நிலையத்தைக் கட்டித் தந்த கூட்டமைப்புக்கு நிலத்தை மேம்படுத்தும் உரிமை கிடைத்தது. 2001இல் நிலையம் திறக்கப்பட்டது. அக்கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியதும் மேற்சொன்ன எம்.ஆர்.சி.பி.யே. இரயில் நிலையத்துக்கும் காற்பந்து அரங்கிற்கும் ஒரே கணக்கு முறை பொருந்துகிறது என்றால், அக்கணக்கில் காற்பந்துக்குத் தனி இடமில்லை என்பதே பொருள்.

இனிச் சிலாங்கூரின் நிலை. மெர்டேக்கா அரங்கைத் தாயகமாகக் கொண்டிருந்த அக்குழுவுக்கு 1994 ஜூலை 16ஆம் நாள் ஷா ஆலாமில் மாபெரும் அரங்கு திறக்கப்பட்டது. எண்பதாயிரம் பேர் அமரும் அளவில் அதனைக் கட்டியபோது, அத்துணைப் பேர் வாரந்தோறும் வருவரா என்னும் வினாவைவிட மாநிலத்தின் பெருமையே முன்னின்றது எனலாம். பெருமைக்குக் கட்டியதைப் பேணுவதற்குப் பெருமை மட்டும் போதாது. கூரையும் திடலும் பழுதுற்றன. 2017இல் குழு செலாயாங் சென்று ஆடியது. பின்னர்ப் பெட்டாலிங் ஜெயா மாநகராட்சியின் அரங்கில் ஒதுங்கியது. 2024 ஜூலையில் ஷா ஆலாம் அரங்கு இடிபடத் தொடங்கியது. அவ்விடத்தில் 45,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கும் விளையாட்டு வளாகமும் 78 கோடியே 70 இலட்சம் வெள்ளியில் எழவுள்ளன. கட்டுவது எம்.ஆர்.சி.பி.; ஈடு மீண்டும் நிலம். முப்பது ஆண்டுகூட முழுமையாகப் பயன்படாத கட்டடத்துக்கு மாற்றாக வருவது அதில் பாதியளவினது என்பதே முதற்கணக்கின் பிழையை ஒப்புக்கொள்வதாகும்.

சிலாங்கூர் ஒதுங்கிய அந்தப் பெட்டாலிங் ஜெயா அரங்கில் அப்போது மற்றொரு குழுவும் குடியிருந்தது. இந்நாட்டு இந்தியர்தம் காற்பந்து வரலாற்றில் அக்குழுவுக்குத் தனி இடம் உண்டு. ஒரு காலத்தில் இந்திய ஆட்டக்காரர்க்கு நாற்றங்காலாக இருந்தது தோட்டத் திடல். ஆலய மணி ஒலிக்கும் தொலைவில், லயத்து வீடுகளுக்கு நடுவே, மாலை நேரத்தில் வெறுங்காலால் பந்துதைத்த பிள்ளைகளிலிருந்தே மாவட்ட ஆட்டக்காரரும் மாநில ஆட்டக்காரரும் உருவாயினர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது திடலும் உடன் மறைந்தது. நகருக்குப் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு வகுப்பறைக்கே இடம் போதாத நிலையில், ஓடியாடத் திடல் எங்கே? தேசியக் குழுவில் தமிழ்ப் பெயர்கள் அருகியதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவோர் இதனைக் கருதுவதில்லை.

இக்குறையை நீக்கும் நோக்குடன் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமாகிய மீஃபா, இந்திய இளைஞர்க்குத் தொழில்முறைக் களத்தில் வழிதிறக்க முற்பட்டது. எம்.ஐ.எஸ்.சி.–மீஃபா என்னும் பெயரில் 2016இல் எப்.ஏ.எம். லீக்கில் ஆடிய குழு, 2017இல் பிரிமியர் லீக்கிற்கு ஏறியது. 2019இல் நாட்டின் உச்சப் பிரிவாகிய சூப்பர் லீக்கை எட்டியது. மூன்றே ஆண்டுகளில் இவ்வுயரம் எய்தியது எளிய செயலன்று. ஆனால் உச்சப் பிரிவில் கால்வைக்கும்போதே பெயர் மாறிவிட்டது. மீஃபா என்பது மறைந்து பெட்டாலிங் ஜெயா சிட்டி என்பது வந்தது.

இப்பெயர் மாற்றத்துக்கு வணிக நியாயம் உண்டு. ஓரினத்தின் பெயரைத் தாங்கிய குழுவுக்கு விளம்பரதாரர் கிடைப்பது கடினம். நகரின் பெயரைச் சூட்டினால் நகரமே ஆதரிக்கும் என்பது எதிர்பார்ப்பு. பல்லின நாட்டில் குழுவின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவேண்டும் என்பதும் மறுக்கவொண்ணாத வாதம். ஆயினும் கணக்கு தவறிற்று. பெட்டாலிங் ஜெயாவில் காற்பந்தை நேசிப்போர் ஏற்கெனவே சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையை அணிந்தவர்கள். புதிய பெயருக்காக அவர்கள் அதனைக் கழற்றப் போவதில்லை. கிள்ளானிலும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருந்து வந்திருக்கக்கூடிய இந்திய இரசிகருக்கோ, அப்பெயரில் தம்முடையது என்று சொல்ல ஒன்றும் இல்லாமற் போயிற்று. புதியவரைப் பெறுமுன் பழையவரை இழந்த பெயர் அது. பின்னர்ச் சிலாங்கூரும் அதே அரங்குக்கு வந்து ஆடத் தொடங்கியபோது, சொந்த நகரிலேயே அக்குழு விருந்தாளி போலாயிற்று. கிளீவ்லாந்தார் வழக்காடிக் காத்த ஒன்றை இங்கே எவரும் கேட்காமலே கொடுத்துவிட்டனர்.

பழியெல்லாம் நிருவாகத்தையே சாரும் என்பதும் முறையன்று. மீஃபா என்னும் பெயர் இருந்த காலத்தில்தான் அரங்கு நிறைந்ததா? இல்லை. தேசியக் குழுவில் இந்தியர் இல்லையே என்று தேநீர்க் கடையில் வருந்துவோர் பலர். நுழைவுச்சீட்டு வாங்கியவர் சிலர். இங்கிலாந்துக் குழுக்களின் சட்டையைப் பெருவிலை கொடுத்து வாங்கும் இளைஞர், நாற்பது நிமிடப் பயணத் தொலைவில் தம்மவர் ஆடிய ஆட்டத்தைக் காணச் செல்லவில்லை. வாயில் வருவாய் இல்லாத குழு கொடையாளரின் விருப்பத்தில் வாழ்கிறது. விருப்பம் மாறும்போது மறைகிறது. 2022 பருவத்தின் முடிவில் பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து விலகியது. அதே வேளையில் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்களும் உரிமம் பெறாது நீங்கின. அவற்றின் மறைவுக்கு அவ்வம் மாநிலத்தார் வருந்தினர். பெட்டாலிங் ஜெயா சிட்டிக்கு அவ்வாறு வருந்த ஒரு மாநிலம் இல்லை. பெயரை விட்டுவிட்டதனால் ஒரு சமூகமும் இல்லை.

வேறுவழி இருந்ததா என்னும் வினாவுக்கு இலண்டன் விம்பிள்டன் விடையளிக்கிறது. அவ்வூர்க் குழு தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குச் செல்ல 2002இல் இசைவு பெற்றது, 2003இல் சென்றது, அடுத்த ஆண்டு பெயரையும் மாற்றிக்கொண்டது. இசைவு கிடைத்த அதே கோடையில் இரசிகர்கள் தங்களுக்கென ஏ.எப்.சி. விம்பிள்டன் என்னும் குழுவைத் தொடங்கி, ஒன்பதாம் நிலையிலிருந்து ஆடினர். 2011இல் தொழில்முறை லீக்கிற்கு ஏறினர். பழைய குழு வென்ற கோப்பைகள் 2007இல் அவ்வூருக்கே திரும்பின. 2020 நவம்பரில், தாங்கள் இழந்த பிளவ் லேன் தெருவிலேயே புதிய அரங்கில் ஆடத் தொடங்கினர். இவ்வளவும் இயன்றமைக்குக் காரணம், குழு இரசிகர் அறக்கட்டளையின் உடைமையாக இருந்ததே. அமெரிக்காவிலும் கிரீன் பே என்னும் சிற்றூரின் குழு 1923 முதல் பொதுமக்கள் பங்கு வாங்கிய இலாபநோக்கற்ற அமைப்பாக இருப்பதால்தான், பெருநகரங்கள் பலவற்றின் குழுக்கள் பெயர்ந்தபோதும் அது பெயரவில்லை.

இத்தகைய உடைமை முறை மேலைநாட்டார்க்கே உரியது என்று எண்ணவேண்டுவதில்லை. வெள்ளையர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் சிறுசிறு தவணையாகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். நிலம் கைமாறும்போது நிலத்தோடு சேர்த்துத் தாமும் கைமாறாதிருக்க வேண்டுமாயின் பங்குடைமை வேண்டும் என்பதை அன்றே கண்டவர்கள் அவர்கள். அவர் பெயரைத் தாங்கிய சாலை பிரிக்பீல்ட்ஸின் நடுவே செல்கிறது. அவ்வழியில் நடப்போர் அமைத்த குழுவுக்கோ கொடையாளர் இருந்தனர், புரவலர் இருந்தனர், பங்காளர் இருந்தாரில்லை. உறுப்பினர் வாக்கின்றிப் பெயரை மாற்றலாகாது என்னும் ஒரு விதியும், ஒரு திடலின் மீது நெடுங்காலக் குத்தகையும் இருந்திருப்பின், கொடையாளர் நீங்கிய பின்னும் கீழ்ப்பிரிவில் இறங்கி ஆடுவதற்குக் குழு எஞ்சியிருக்கும்.

சிலாங்கூர் இரசிகர்க்கும் இதே வினா காத்திருக்கிறது. ஷா ஆலாமில் எழவுள்ள அரங்கில் ஆண்டுக்கு எத்தனை நாள் காற்பந்துக்கு ஒதுக்கப்படும், குழு செலுத்தவேண்டிய வாடகை எவ்வளவு, இசை நிகழ்ச்சிக்கும் ஆட்டத்துக்கும் நாள் மோதினால் எது விலகும், பேணுதல் செலவு யாரைச் சாரும், ஈடாகச் சென்ற நிலத்தின் மதிப்பை யார் கணித்தார் என்பவற்றைக் குழுவின் நிருவாகமும் மாநில அரசும் அச்சிட்டு வெளியிடுதல் வேண்டும். மெர்டேக்கா அரங்கு பேசப்பட்டபோது இவ்வினாக்களை எழுப்பியவர் மிகச் சிலரே. புக்கிட் ஜாலில் தோட்டத்தார் எழுப்பியபோது அவர்களை விளையாட்டோடு தொடர்புடையவராக எவரும் கருதவில்லை.